பட்டியல் யாருக்குச் சொந்தம்?

சென்ற திங்கள் ஒரு பேரூராட்சியிலே பொதுக்கூட்டம். கொடியேற்றி முடித்து மேடையை நோக்கி நடக்கையில் வார்டுச் செயலாளர் என் தோளைத் தொட்டார். தேநீர்க் கடைக்குப் பின்புறம் அழைத்துச் சென்றார். முகத்திலே பூரிப்பு, கையிலே செல்பேசி.

"அண்ணே! இம்முறை நம்மை எவராலும் அசைக்க முடியாது. மூன்று வார்டுகளின் முழு ஜாதகமும் இதோ, நம் கையில்!" என்றார்.

பார்த்தேன். வீடு கட்டும் திட்டத்துக்கும் சாலையோர வியாபாரிகள் கடனுக்கும் மனுப் போட்டவர்களின் பட்டியல். பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, சாதி, தெரு, கைபேசி எண், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண். அத்தனைக்கும் கடைசியில் 'குறிப்பு' என்றொரு கட்டம். இட்லிக் கடை நடத்தும் ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே அந்தக் கட்டத்தில் எழுதியிருந்தது: 'கணவர் விட்டுச் சென்றுவிட்டார், வேறு குடும்பம் உண்டு.'

"எப்படியய்யா கிடைத்தது?" என்றேன்.

"கணினியில் உட்கார்ந்திருக்கும் தம்பி நம் பிள்ளைதான், அண்ணே!"

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அங்கேயே, அப்பொழுதே, அதை அழித்துவிடு என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மேடையிலே பேச்சாளர் பெயரை அழைத்துக்கொண்டிருந்தார்கள். ஏறினேன், ஒரு மணி நேரம் முழங்கினேன், மாலையும் கைத்தட்டலும் பெற்றேன், இறங்கினேன். திரும்பும் வழியெல்லாம் அந்தக் கடைசிக் கட்டம் கண்முன் நின்றது. அந்தத் தாய், கூரை வேண்டி ஓர் அலுவலகத்தின் படியேறியவள். கேட்டார்கள், சொன்னாள். சொல்லாவிட்டால் மனுவை நிராகரிப்பார்களே என்று அஞ்சிச் சொன்னாள். ஊருக்கு மறைத்ததை, உறவுக்கு மறைத்ததை, பெற்ற பிள்ளைக்கும் மறைத்ததை ஓர் எழுத்தரிடம் சொன்னாள். எதற்காக? வீட்டுக்காக. தேநீர்க் கடைப் பின்புறத்திலே நானும் ஒரு வார்டுச் செயலாளரும் படித்துப் பார்ப்பதற்காகவா?

இதைப் பேசினால் எடுத்த எடுப்பில் ஒரு பழமொழியை வீசுவார்கள். "மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம்!" என்பார்கள். அறிவாளிகள்! அவள் மடியிலே கனம் இருக்கிறது, ஐயா! கணவன் விட்டுப்போனான் என்ற சொல் கனம். கணக்கிலே வந்து விழப்போகும் தவணைத் தொகை கனம். கந்துவட்டிக்காரன் அந்தத் தொகை வரும் நாளை அறிந்துகொண்டால் அது இன்னும் கனம். 'வங்கியிலிருந்து பேசுகிறேன், ஓடிபி சொல்லுங்கள்' என்று தேன்குரலில் பேசும் திருடனுக்கு, அவள் பெயரும் திட்டத்தின் பெயரும் கணக்கு எண்ணும் முன்கூட்டியே தெரிந்துவிட்டால், அவன் குரலை அவள் நம்பாமல் இருப்பாளா? மாளிகைக்காரனுக்கு மடியிலே கனமிருந்தால் மதிலுண்டு, காவலாளி உண்டு, கணக்கெழுதும் ஆடிட்டர் உண்டு. குடிசைக்காரிக்கு இருந்ததெல்லாம் ஒரு மௌனம். அதையும் மனுவிலே எழுதி வாங்கிக்கொண்டோம்.

ஒரு கட்டம்தானே, ஒரு பட்டியல்தானே என்று எண்ணுகிற தோழர்களை ஆம்ஸ்டர்டாம் நகரத்துக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். ஆலந்து நாட்டிலே ஊராட்சிகளும் நகராட்சிகளும் மக்கள் பதிவேடு வைத்திருந்தன. நேர்த்தியான பதிவேடு. யார், எந்தத் தெரு, எப்போது பிறந்தார் என்பதோடு எந்த மதம் என்பதும் அதிலே ஒரு கட்டம். தீய எண்ணத்தோடு வைத்த கட்டமல்ல அது; நிர்வாக வழக்கம், அவ்வளவே. எழுதிய எழுத்தர்களும் நல்லவர்கள், எழுத ஆணையிட்ட நகரமன்றத்தாரும் நல்லவர்கள். 1940 மே மாதம் இட்லரின் படை உள்ளே நுழைந்தது. யூதர் யார், எந்த வீட்டிலே என்று தெருத்தெருவாகத் தேடவேண்டிய தொல்லை அந்தப் படைக்கு இல்லை. நகராட்சி அலுவலகத்து இழுப்பறைகள் சொல்லின! ஏறத்தாழ 1,40,000 யூதர் வாழ்ந்த நாட்டிலே 1,00,000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர்.

1943 மார்ச் 27. இரவு. வில்லம் அரொண்டேயஸ் என்ற ஓவியரும் எழுத்தாளரும், கெரிட் வான் டெர் வேன் என்ற சிற்பியும், அவர்களுடைய தோழர்களும் காவலர் உடையணிந்து ஆம்ஸ்டர்டாம் மக்கள் பதிவு அலுவலகத்துக்குள் நுழைகிறார்கள். உண்மைக் காவலர்களைக் கொல்லவில்லை. மயக்க மருந்து ஏற்றிக் கிடத்துகிறார்கள். இழுப்பறைகளைத் திறந்து அட்டைகளைத் தரையிலே கொட்டித் தீ வைக்கிறார்கள். தீயணைப்புப் படை வருகிறது, தாமதித்தே வருகிறது! வந்தவர்கள் தீயை மட்டும் அணைக்கவில்லை. எரியாமல் கிடந்த அட்டைகள் மீதும் வேண்டுமென்றே வெள்ளமாகத் தண்ணீரைப் பாய்ச்சுகிறார்கள். நாடகம் எழுதிப் பிழைக்கிறவன் நான். இப்படியொரு காட்சியைக் கற்பனையிலே எழுதியிருந்தால் 'மிகை' என்று நண்பர்களே கைவிரித்திருப்பார்கள். நடந்தது இது. எரிந்தது பதிவேட்டில் ஒரு பகுதிதான். அதற்கு விலை? அந்த ஆண்டு ஜூலை 1ஆம் நாள், அரொண்டேயசோடு சேர்த்து 12 பேரைச் சுட்டுக் கொன்றார்கள்.

ஓவியனும் சிற்பியும் உயிரைக் கொடுத்து எரித்தது படைக்கலக் கிடங்கையல்ல, ஒரு நகராட்சியின் அட்டைப் பெட்டிகளை. கட்டம் வரைந்தவன் கை தூய்மையானது. கட்டத்தை நிரப்பியவன் கை தூய்மையானது. பிறகு வந்த கை? அதை எந்த நகராட்சியாலும் முன்கூட்டி அறிய முடியாது.

'அங்கே படையெடுத்து வந்தவன் செய்தான். இங்கே நம் நாடு, நம் ஆட்சி, நம் அலுவலர்' என்பீர்கள். சரி, கடல் கடக்க வேண்டாம். ஓசூரைத் தாண்டினால் போதும். 2022ஆம் ஆண்டு பெங்களூர் மாநகராட்சி, வாக்காளருக்கு விழிப்புணர்வு ஊட்டுவதாகச் சொன்ன ஒரு தொண்டு நிறுவனத்துக்கு அனுமதி வழங்கியது. அதன் ஆட்கள் வாக்குச்சாவடி அலுவலர் என்ற அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகச் சென்று வாக்காளரின் விவரங்களைத் திரட்டினார்கள் என்று அவ்வாண்டு நவம்பரில் ஏடுகள் அம்பலப்படுத்தின. அதிர்ந்தது நகரம். சிவாஜிநகர், சிக்பேட், மகாதேவபுரா ஆகிய மூன்று தொகுதிகளின் பட்டியலை மீண்டும் சரிபார்க்கவும், மூத்த அதிகாரிகள் இருவரை இடைநீக்கம் செய்யவும் தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது. விழிப்புணர்வாம்! வாக்காளன் விழிக்குமுன் அவன் வீட்டு விவரம் விழித்துக்கொண்டு நடந்துவிட்டது.

அதற்கும் முன்னே, 2017 மே மாதம், பெங்களூரிலேயே இயங்கும் ஓர் ஆய்வு அமைப்பு அறிக்கை வெளியிட்டது. நான்கே நான்கு அரசுத் தளங்களில் சுமார் 13 கோடி ஆதார் எண்கள், பலருடைய வங்கிக் கணக்கு விவரங்களோடு, எவரும் பார்க்கும்படி கிடந்தன என்றது அது. கன்னம் வைத்தவன் எவனும் இல்லை. சுவரேறிக் குதித்தவன் இல்லை. முதியோர் உதவித்தொகை, நூறுநாள் வேலைக் கூலி ஆகியவற்றின் கணக்கைக் காட்டுகிறோம் என்று அரசுத் துறைகளே கடைபரப்பி வைத்தவை!

இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். 2022 மே 27ஆம் நாள், ஆதார் ஆணையத்தின் பெங்களூர் அலுவலகம் மக்களை எச்சரித்தது: ஆதார் நகலை யாரிடமும் கண்டபடி கொடுக்காதீர்கள், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு நகலைக் கொடுங்கள் என்று. நல்ல அறிவுரை! இரண்டு நாள் சென்றது. மே 29ஆம் நாள் ஒன்றிய அரசு அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. தவறாகப் பொருள் கொள்வார்களாம். இயல்பான எச்சரிக்கையோடு நடந்துகொண்டால் போதுமாம். நகல் கேட்டு வரிசையிலே நிறுத்துவது அலுவலகம். எச்சரிக்கையாக இருக்க வேண்டியது வரிசையிலே நிற்பவன்! 'மறைப்பு நகல்தான் தருவேன்' என்று சன்னலுக்கு முன்னே நின்று எந்த ஏழை சொல்ல முடியும்? 'பின்னால் நிற்பவர் வாருங்கள்' என்ற பதில்தானே கிடைக்கும்?

மாலையிலே வேர்க்கடலை வாங்கித் தின்று, பொட்டலத்தை விரித்தால், யாரோ ஒரு முதியவரின் முகமும் கையொப்பமும் நம்மைப் பார்க்கும். பார்த்திருக்கிறேன். மனுவோடு இணைத்த நகல்கள் பழைய காகிதக்காரனிடம் எடைக்குப் போனதன் அடையாளம் அது. கணினியைப் பற்றிப் பேசுவோர் காகிதத்தை மறந்துவிடுகிறார்கள்.

நான் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன். சட்டத்தின் நுட்பங்களை வழக்கறிஞர் தோழர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்துதான் கற்றேன். கற்றபின் எனக்குச் சிரிப்பும் வந்தது, சினமும் வந்தது.

அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமையே அல்ல என்று வாதாடியது ஒன்றிய அரசு. கர்நாடக உயர்நீதிமன்றத்திலிருந்து ஓய்வுபெற்ற நீதியரசர் புட்டசாமி, ஆதாரை எதிர்த்து 2012இல் தொடுத்த வழக்கிலே எழுந்த வாதம் அது. 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் நீதிபதிகள் ஒன்பது பேரும், ஒருவர் விடாமல், அந்த வாதத்தைத் தள்ளினார்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்றார்கள். உரிமை வந்ததும் அதைக் காக்கச் சட்டம் வரவேண்டுமல்லவா? ஆறாண்டு கழித்து, 2023 ஆகஸ்டில் வந்தது. தனிமனிதர் விவரங்களைக் காக்கும் சட்டமென்று பெயர். பெயர் அழகு! உள்ளே நுழைந்து பார்த்தால், வணிகன் உன் விவரத்தைக் கையாள உன் இசைவைக் கேட்க வேண்டும் என்பது பொது விதி. அரசோ, மானியம், சான்றிதழ், உரிமம், சலுகை என்று எதையேனும் வழங்குவதற்காக, முன்பே தன் ஏட்டில் கிடக்கும் விவரத்தைப் புதிதாக இசைவு கேளாமலே கையாளலாம். அரசு என்ற சொல்லுக்குள் மாநகராட்சி முதல் ஊராட்சி வரை அடக்கம். ஏழை எவ்விடம் போகிறான்? மானியத்துக்கும் சான்றிதழுக்கும்தான் போகிறான்! எவனுக்குக் காவல் அதிகம் தேவையோ, அவன் நிற்கும் வாசலிலேதான் தாழ்ப்பாள் தளர்ந்திருக்கிறது.

காவல் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் என்று முழங்குகிறார்கள். தண்டத்தொகை எங்கே போகும்? இந்தியாவின் தொகுப்பு நிதிக்கு! நம் பேரூராட்சி தவறு செய்தால், குடிநீர்க் குழாய்க்கு வைத்திருந்த பணம் டெல்லிக்குப் போகும். விவரத்தைப் பறிகொடுத்த இட்லிக் கடைத் தாய்க்கு அந்தத் தொகையிலிருந்து ஒரு காசு கிடையாது. அவள் பொய்ப் புகார் கொடுத்ததாகக் கண்டால் மட்டும் 10,000 ரூபாய் வரை தண்டம் கட்ட வேண்டும். தண்டிக்கும் வாரியத்தின் உறுப்பினர்களை அமர்த்துவது யார்? ஒன்றிய அரசு. அந்த வாரியம் ஒன்றிய அரசின் துறைகளையே ஒருநாள் விசாரிக்க வேண்டி வரும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இன்னும் கேளுங்கள். இச்சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. குடிமகனின் விவரத்தைத் தேவையளவே திரட்ட வேண்டும், தேவையான காலமே வைத்திருக்க வேண்டும், பத்திரமாக வைக்க வேண்டும் என்று அரசு அலுவலகங்களுக்குச் சொல்லும் பகுதிகளெல்லாம், அறிவித்த நாளிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும் என்றார்கள். ஆனால் ஒரு பகுதியில் அவர்களுக்கு அவசரம் தாங்கவில்லை. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்தும் பகுதி அது. அதை உடனே அமலாக்கிவிட்டார்கள்! முன்னே, ஒரு விவரம் தனிமனிதருடையது என்றாலும், பொதுப்பணியோடு தொடர்பிருந்தால், பொதுநலன் பெரிதாக இருந்தால், கேட்டவருக்குக் கொடுக்க வேண்டும் என்று அந்தப் பிரிவிலேயே எழுதியிருந்தது. இப்போது அந்த வரிகளைக் காணோம். 'தனிமனிதர் விவரம்' என்ற இரண்டு சொற்களோடு கதவு மூடிக்கொள்ளலாம்.

'வேறொரு பிரிவிலே பொதுநலனுக்கு இடமிருக்கிறதே' என்கிறார்கள் ஆட்சியாளர்கள். இருக்கிறது. பொதுநலன் பெரிதென்று அந்த அலுவலகமே எண்ணினால் கொடுக்கலாம். சாலை ஒப்பந்தம் எவருக்கு, வருகைப் பதிவேட்டிலே பெயரெழுதிக் கூலி வாங்கிய ஆவி எது, வீடு ஒதுக்கியது எந்த உறுப்பினரின் மைத்துனருக்கு என்று கேட்பவன், கேட்கப்படுகிறவனின் மனத்திலே பொதுநலன் உதிக்கும்வரை காத்திருக்க வேண்டும்!

தமிழ்நாட்டு வழக்கு ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. ஆட்டோ சங்கர் என்ற மரணதண்டனைக் கைதியின் வரலாற்றை 'நக்கீரன்' வெளியிட முனைந்தது. அதிலே அதிகாரிகள் சிலரின் உறவும் பேசப்படும் என்றதும் மேலிடம் பதறியது. 1994 அக்டோபரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தன்னைத் தனியே விட்டுவிடச் சொல்லும் உரிமை குடிமகனுக்கு உண்டு என்றது. அந்த மூச்சிலேயே இன்னொன்றும் சொன்னது: அரசு அலுவலர் தம் பணியோடு தொடர்புடைய செயல்களைப் பற்றி எழுதும்போது அந்த உரிமையைக் கேடயமாகத் தூக்க முடியாது என்று. எவ்வளவு தெளிவு! குடிமகனுக்குத் திரை, அதிகாரத்துக்குக் கண்ணாடி. இன்று திரையைக் கிழித்துக் குடிசையிலே கண்ணாடி பதிக்கிறார்கள். கண்ணாடியைக் கழற்றிய கோட்டையிலே திரை தொங்கவிடுகிறார்கள்.

இதைச் சொன்னவுடன் நம்மவர் சிலர் குழம்புவதும் உண்டு. 'பயனாளிகள் பெயரை ஊராட்சிச் சுவரிலே எழுதச் சொல்லிப் போராடியவர்கள் நாம்தானே? இப்போது மறை என்கிறீர்களே?' என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. சுவரிலே பெயர் எழுதட்டும். எந்தத் திட்டம், எவ்வளவு தொகை, என்று கொடுத்தார்கள், எல்லாம் எழுதட்டும். கிராம சபையிலே உரக்கப் படிக்கட்டும். செத்தவன் பெயரில் வீடு கட்டியதை ஊரார் கண்டுபிடிப்பது அப்படித்தான். ஆதார் எண்ணை எழுதினால் எந்த ஊழல் பிடிபடும்? கணக்கு எண்ணை எழுதினால் எவன் திருந்துவான்? கணவன் ஓடிப்போன செய்தி எந்தத் தணிக்கைக்கு வேண்டும்? பணம் அரசினுடையது, அது போன வழி ஊருக்குத் தெரியட்டும். எண்ணும் துயரும் அவளுடையவை.

நோய்த்தொற்று பரவிய 2020ஆம் ஆண்டிலே வீட்டு வாசலிலே தகரமடித்தார்கள், அறிவிப்பு ஒட்டினார்கள். ஒட்டிய வீட்டுக் குழந்தைக்குப் பால்காரர் வரவில்லை. இப்படி வாசலிலே ஒட்டத் தேவையில்லை என்று அவ்வாண்டு டிசம்பரிலே உச்சநீதிமன்றம் சொல்வதற்குள் எத்தனையோ வாசல்கள் பழி சுமந்துவிட்டன.

ஒன்றிய அரசைச் சாடுவது எளிது. இந்தப் பக்கத்திலே சாடினால் கைத்தட்டலும் உறுதி. நம் மன்றங்களிலே அமர்ந்திருக்கும் நம் உறுப்பினர்கள் செய்ய வேண்டியதற்கு டெல்லியின் அனுமதி எதற்கு? அடுத்த மன்றக் கூட்டத்திலே எழுந்து கேளுங்கள்: இந்த மனுவிலே 'குறிப்பு' என்ற கட்டம் எதற்கு? குடிநீர் இணைப்புக்குச் சாதி எதற்கு? கணினியின் கடவுச்சொல் எத்தனை பேருக்குத் தெரியும்? (பல அலுவலகங்களிலே அது திரையின் ஓரத்தில் சீட்டெழுதி ஒட்டியிருக்கிறது, கேட்கவே வேண்டியதில்லை.) பட்டியலைத் திறந்தவர் யார், எந்த நாள், எந்த மணி என்ற பதிவு உண்டா? ஒப்பந்தத்தில் அமர்த்திய கணினிப் பணியாளர் விலகிப் போகையிலே எதை எடுத்துப் போகிறார்? பழைய நகல்களை எடைக்குப் போடாமல் அரைத்து அழிக்க ஓர் இயந்திரம் வாங்கத் தீர்மானம் போடுங்கள். அதன் விலை, தலைவர் பிறந்தநாளுக்கு நாம் வைக்கும் ஒரு பெரிய பதாகையைவிட அதிகமிராது.

கழிந்த வாரம் அந்த வார்டுச் செயலாளரைத் தொலைபேசியிலே அழைத்தேன்.

"அந்தப் பட்டியலை அழித்துவிடு, தம்பி" என்றேன்.

சற்று நேரம் பேச்சில்லை. "அண்ணே, எதிர்க்கட்சிக்காரன் கையிலும் அதே பட்டியல் இருக்கிறதே! நாம் மட்டும் அழித்தால்?" என்றார்.

"அவன் கையில் இருப்பது தெரியுமென்றால் புகார் எழுது. நானும் கையெழுத்துப் போடுகிறேன். நம் கையிலும் வைத்துக்கொண்டு எப்படி எழுதுவாய்?"

"அந்தக் கணினித் தம்பிக்கு வேலை போய்விடுமே, அண்ணே. அவன் அம்மா நம் மகளிரணி."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. வேலை போகாமலிருக்க வழி தேடுவோம், ஆனால் அவன் செய்தது தவறு என்பதை அவனுக்கு நீயே சொல்ல வேண்டும் என்றேன். ஒப்புக்கொண்டார். இப்போதே அழிக்கிறேன் என்றார். பிறகு, குரலைத் தாழ்த்தி, "நாலு பேருக்கு வாட்சப்பிலே அனுப்பிவிட்டேனே, அண்ணே" என்றார்.

அந்த நால்வரும் யார் என்று கேட்டுக்கொண்டேன். இருவர் பூத் முகவர்கள், ஒருவர் ஒன்றியப் பொறுப்பாளர், ஒருவர் வட்டிக்குப் பணம் கொடுக்கும் உறவினர். இந்த ஞாயிறு காலை, இதை நீங்கள் படிக்கும் வேளையிலே, நானும் வார்டுச் செயலாளரும் அந்த நான்காமவர் வீட்டு வாசலில் நிற்போம்.